நாக்கில் குத்திய மீன்

1. பேனரில் இருந்த நண்டு

திருப்பாலைவனத்திலிருந்து பழவேற்காட்டுக்குப் போகும் ரோட்டில், ஏரி கண்ணில் படத் தொடங்கும் இடத்தில் ஒரு மீன் ஓட்டல். தகரக் கூரை, பிளாஸ்டிக் நாற்காலி, வாசலில் பெரிய பேனர். அங்கேதான் நான் சப்ளையராகச் சேர்ந்தேன். எனக்கு ஊர் லைட்ஹவுஸ் குப்பம். அதுவரை ஏலத்தில் மீன் எடுத்து விற்றுத்தான் பழக்கம். வாங்க வருபவர் திட்டுவார், நானும் திட்டுவேன், அதோடு முடிந்துவிடும். திருப்பித் திட்டக்கூடாத வேலை ஒன்று இருப்பதை ஓட்டலில்தான் தெரிந்துகொண்டேன்.

முதல் நாளே மாட்டிக்கொண்டேன். பேனரில் ஒரு நண்டு தட்டைத் தாண்டிக் காலை நீட்டிக்கொண்டிருக்கும். சென்னையிலிருந்து வந்த குடும்பம் அந்தப் படத்தைக் காட்டி ஆர்டர் கொடுத்தது. நான் கொண்டுபோய் வைத்ததோ உள்ளங்கையில் அடங்கும் நண்டு.

"இதுக்காகவா இவ்வளவு தூரம் வந்தோம்?" என்றார் அந்த அம்மா. செல்போனை எடுத்துத் தட்டைப் படம் பிடித்தார். பிறகு என் முகத்தையும் பிடித்தார். "ஒரு ஸ்டார்தான் போடப் போறேன். உன் பேர் என்னம்மா?"

கஸ்தூரி என்று சொன்னதும் அதையும் செல்போனில் தட்டிக்கொண்டார். ஓனர் சங்கர் அண்ணன் ஓடிவந்து, சிரித்துப் பேசிச் சமாளித்தார். அவர்கள் போன பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"இங்க பாரு கஸ்தூரி, கஸ்டமர் கத்துனா நீ வாயத் தொறக்காத. சாரி சொல்லிட்டுத் தள்ளி நில்லு. அவங்களே கத்தி ஓஞ்சிடுவாங்க."

வருஷக்கணக்கில் அப்படித்தான் வேலை பார்த்தேன். வறுவல் ஆறிப்போச்சு, இறால் பொடிசா இருக்கு, குழம்பு புளிக்குது, ஈ மொய்க்குது. எல்லாவற்றுக்கும் ஒரு சாரி. உள்ளுக்குள் மட்டும் பயம் இருந்துகொண்டே இருக்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் கடைப் பக்கம் கார்கள் திரும்புகிற சத்தம் கேட்டாலே சமையல்கட்டுக்குள் போய் நின்றுகொள்வேன்.

2. கடலுக்குப் போகாத வாரம்

அந்த வாரம் புயல் எச்சரிக்கை. படகுகளையெல்லாம் மேட்டில் ஏற்றிவிட்டார்கள். ஏரியிலும் யாரும் இறங்கவில்லை. நம் பக்கத்து மீன் ஒரு துண்டுகூட இல்லை. ஞாயிறு வியாபாரத்தை விட மனமில்லாமல், சங்கர் அண்ணன் வெளியூரிலிருந்து ஒரு பெட்டி சூரை மீன் வரவழைத்தார். ஏற்றிவந்த லோடு ஆட்டோ வழியில் டயர் வெடித்து வெயிலில் நின்றுவிட்டது. பெட்டி வந்து சேர்ந்தபோது சமையல் மாஸ்டர் ரஹீம் பாய் மூடியைத் திறந்து பார்த்தார்.

"இன்னாண்ணே, ஐஸ் பூரா தண்ணியாப் போய்க் கீது."

"மீன் நல்லாத்தான கீது? மோந்து பாரு."

பாய் மோந்து பார்த்தார். நானும் பார்த்தேன். நாற்றம் இல்லை. சதையும் கெட்டியாக இருந்தது. அதற்குள் வாசலில் கார்கள் வரத் தொடங்கிவிட்டன.

ஒரு கணவன் மனைவி ஏரிப் பக்கத்து மேசையில் உட்கார்ந்தார்கள். அவர் கட்டம்போட்ட சட்டை போட்டிருந்தார், உயரமான ஆள். உட்கார்ந்ததிலிருந்தே குறைதான். நாற்காலி ஆடுகிறது, தண்ணீர் வரவில்லை. சூரை வறுவல் வந்ததும் ஒரு வாய் வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"என்னம்மா மீன் இது? நாக்குல குத்துது."

"காரம் ஜாஸ்தியா சார்?"

"காரம் இல்லம்மா. ஊசி ஊசியா குத்துது. சுருக்கு சுருக்குனு."

தட்டை உள்ளே கொண்டுபோய்ப் பாயிடம் சொன்னேன். "மொளகாத்தூள் தூக்கலாப் போயிருக்கும். வேற துண்டு போட்டுக் குடுக்கறேன்" என்றார். புதுத் துண்டை எலுமிச்சை பிழிந்து கொண்டுபோய் வைத்தேன். அவர் முணுமுணுத்துக்கொண்டே சாப்பிட்டார். பாதியில் கையை உதறிவிட்டு ஓனரைக் கூப்பிடச் சொல்லிக் கத்தினார். முகம் சிவந்துவிட்டது. பக்கத்து மேசைக்காரர்கள் குனிந்து சாப்பிட்டார்கள். சங்கர் அண்ணன் கல்லாவிலிருந்தே எனக்குக் கண்ணைக் காட்டினார், தள்ளி நில் என்று.

சமையல்கட்டு வாசலில் நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தச் சிவப்பு முகத்தோடு நின்றுவிடவில்லை. கழுத்தில் இறங்கியது. கைகளில் திட்டுத் திட்டாகத் தடித்தது. சட்டையின் மேல் பட்டனைப் பிய்க்கிற மாதிரி இழுத்தார். தண்ணீர் எடுக்கக் கையை நீட்டினார், தம்ளர் அகப்படவில்லை. மறுபடி நீட்டினார், அப்போதும் கை வேறெங்கோ போயிற்று.

கோபத்தில் இருக்கிற மனிதருக்குத் தம்ளர் தவறாது. ஓடினேன்.

"சார், இன்னா பண்ணுது?"

"நெஞ்சு... படபடன்னு..." அதற்கு மேல் அவருக்குக் குரல் வரவில்லை.

அவர் மனைவி எழுந்து நின்றுவிட்டார். "வாராவாரம் மீன் சாப்பிடறவரும்மா! என்ன குடுத்தீங்க இவருக்கு? என்ன குடுத்தீங்க?"

பாய் கையைத் துடைக்காமலே ஓடிவந்தார். நாங்கள் இரண்டு பேரும் கைத்தாங்கலாகப் பிடித்து அவரைக் காரில் ஏற்றினோம். அந்த அம்மாவே வண்டியை எடுத்தார். பின்சீட்டில் அவரைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு பாய் உட்கார்ந்தார். வண்டி ஆஸ்பத்திரிக்குப் பறந்தது.

3. மற்றவர்களின் தட்டு

கார் போகும்வரை எல்லாரும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு ஒவ்வொருவராக மறுபடி சாப்பிடத் தொடங்கினார்கள். அன்றைக்கு நான் பயந்த பயத்தில் பெரியது அதுதான். எல்லாத் தட்டிலும் அதே பெட்டி மீன். ஒரு குழந்தைக்கு அதன் அப்பா முள் எடுத்து ஊட்டிக்கொண்டிருந்தார்.

கல்லாவுக்குப் போனேன். "அண்ணே, எல்லாத் தட்டையும் எடுத்துடலாம்."

"பைத்தியமா உனக்கு? ஒருத்தருக்கு ஒத்துக்கலன்னா எல்லாரையும் எழுப்பி அனுப்புவியா?"

"நாக்குல குத்துதுன்னாருண்ணே. அது மொளகா இல்ல."

"மொளகா இல்லாட்டி இன்னா? உனக்குத் தெரியுமா?"

எனக்குத் தெரியாது. அதுதான் பயமே.

"நீ வாயத் தொறந்தா நாளைக்கு இந்தக் கடை இருக்காது கஸ்தூரி. உனக்கும் எனக்கும் வேலை இருக்காது." அவர் அதட்டவில்லை. கெஞ்சுகிற குரலில் சொன்னார்.

திரும்பிப் பார்த்தேன். மூலை மேசையில் காலேஜ் படிக்கிற வயதுப் பெண் ஒருத்தி பேசிக்கொண்டே கழுத்தைச் சொறிந்தாள். கையை எடுத்தாள். மறுபடி சொறிந்தாள்.

அதற்கு மேல் என்னால் நிற்க முடியவில்லை. முதலில் அந்தக் குழந்தையின் மேசைக்குப் போனேன். "சார், அந்த மீனக் குடுக்காதீங்க. கீழ வெச்சுடுங்க." வெளியே வந்தது என் குரல் மாதிரியே இல்லை. அவர் கை அப்படியே நின்றது. பிறகு எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன். "யாரும் சூரை மீன் சாப்புடாதீங்க. இன்னான்னு தெரியல. உடம்பு ஏதாச்சும் பண்ணுச்சுன்னா சொல்லுங்க."

ஒரே கூச்சல். "இவ்வளவு நேரம் சாப்பிட விட்டுட்டு இப்ப சொல்றியா?" என்று ஒருவர் என் முகத்துக்கு நேரே கையை நீட்டினார். இன்னொருவர் தட்டைத் தர மறுத்தார். "நல்லாத்தானே இருக்கு? விடும்மா" என்று தன் பக்கம் இழுத்தார். நானும் விடவில்லை, இழுத்தேன். குழம்பு அவர் சட்டையில் சிந்தியது. யாரோ வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

பின்னால் சங்கர் அண்ணன் எழுந்து வருவது தெரிந்தது. என்னைப் பிடித்து இழுக்கத்தான் வருகிறார் என்று நினைத்தேன். அவர் என்னைத் தாண்டிப் போனார். எச்சில் வாளியை எடுத்தார், அந்தப் பக்கக் கடைசி மேசையிலிருந்து ஒவ்வொரு தட்டாகக் கொட்டத் தொடங்கினார்.

4. ஃபோன்

அதன் பிறகு பாயின் ஃபோனுக்காகக் காத்திருந்த நேரத்தை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. கட்டம்போட்ட சட்டைக்காரர் செத்துப்போனால் என்று நினைக்கக்கூடாது என்று நினைத்து நினைத்து, அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். மணி அடித்ததும் சங்கர் அண்ணன் எடுக்கவில்லை. என்னை எடுக்கச் சொன்னார்.

"ஊசி போட்டுக் கீறாங்க. மூச்சு சீரா வருது. இரு, டாக்டரம்மா பேசணுமாம்" என்றார் பாய்.

டாக்டரம்மா திட்டவில்லை. கேள்வியாகக் கேட்டார். என்ன மீன்? ஐஸ் இருந்ததா? வெயிலில் நின்றதா? சாப்பிடும்போது நாக்கில் சுருக்கென்று குத்தியதாகச் சொன்னாரா?

"சொன்னாரும்மா."

"சூரை மாதிரி மீனெல்லாம் ஐஸ் இல்லாம சூட்டுல கெடந்தா உள்ளுக்குள்ள ஒரு விஷம் ஊறும். மோந்து பாத்தாத் தெரியாது. வறுத்தாலும் போகாது. வேற யார் யார் சாப்பிட்டாங்க?"

கழுத்தைச் சொறிந்த பெண்ணைப் பற்றிச் சொன்னேன். அவளையும், தலை வலிக்கிறது என்ற அவள் தம்பியையும் சங்கர் அண்ணனே தன் வண்டியில் கூட்டிப்போனார். பொழுது சாய்வதற்குள் இருவரும் நல்லபடியாக வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்கள். அந்தக் குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. அதன் அப்பாவின் நம்பரை வாங்கிவைத்துக்கொண்டு மறுநாளும் கேட்டேன்.

கட்டம்போட்ட சட்டைக்காரரின் மனைவி ஊருக்குத் திரும்பும்போது பாயிடம் நம்பர் வாங்கி எனக்கு ஃபோன் செய்தார். நன்றி சொல்லவும் இல்லை, சண்டை போடவும் இல்லை. "அவர் குத்துதுன்னு சொன்னப்பவே யாராவது நின்னு கேட்டிருக்கலாம்மா" என்றார். அதோடு வைத்துவிட்டார்.

வீடியோ ஊரெல்லாம் சுற்றியது. அதிகாரிகள் வந்து பார்த்தார்கள். கொஞ்ச நாள் கடை மூடிக் கிடந்தது. திறந்தபோது பெரிய ஐஸ் பெட்டி வந்திருந்தது. சங்கர் அண்ணன் என்னை வேலையை விட்டு நிறுத்தவில்லை. ஆனால் முகம் கொடுத்துப் பேச அவருக்கு ரொம்ப நாள் ஆயிற்று.

அடுத்த தடவை புயல் எச்சரிக்கை வந்த ஞாயிற்றுக்கிழமை, "இன்று மீன் இல்லை, முட்டைக் குழம்பு மட்டும்" என்று அவரே கரும்பலகையில் எழுதி வாசலில் வைத்தார். பக்கத்தில் நின்று வருகிறவர்களுக்கு விஷயத்தைச் சொல்கிற வேலை எனக்கு.

"மீன் ஓட்டல்ல மீன் இல்லையா? அப்புறம் எதுக்குத் தொறந்து வெச்சிருக்கீங்க?" என்று ஒருவர் காரை விட்டு இறங்காமலே கத்தினார். பின்சீட்டில் பிள்ளைகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டன.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். கஸ்டமரின் கோபத்துக்குப் பயப்படுவது இந்தத் தொழிலில் போகாது. எனக்கும் போகவில்லை, இன்றைக்கும் யாராவது மேசையில் இருமினால் கையில் இருப்பதை அப்படியே வைத்துவிட்டு ஓடுகிறேன். ஆனால் பயந்துகொண்டே பக்கத்தில் போங்கள். என்ன சொல்கிறார் என்று நின்று கேளுங்கள். கேட்டுத் திட்டு வாங்கினால் பரவாயில்லை. அந்தக் காரில் வந்தவர் என்னைத் திட்டித் தீர்த்துவிட்டு, தானே வண்டியைத் திருப்பிக்கொண்டு, பிள்ளைகளோடு நன்றாகப் போனார். அவர் வளைவைத் தாண்டும்வரை வாசலிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.