சிறகு வைத்த வெள்ளிக்காசு

பக்கத்து வீட்டு அம்மாளைப் பயமுறுத்தி அவருடைய வெள்ளிக்காசைப் பறித்தவன் நான். அதற்காக நான் பொய்கூடச் சொல்லவில்லை.

அறுபதுகளின் கடைசி. அம்பத்தூரில் பள்ளி ஆசிரியராக இருந்தேன். பழைய ரோமாபுரி வெள்ளிக்காசுகள் சேர்க்கும் பைத்தியம் பிடித்திருந்தது. ஜூபிடர் இருந்தார், யாழோடு அப்போலோ இருந்தார். சிறகு வைத்த வெற்றித் தேவதை மட்டும் அகப்படவில்லை. அவளோ அந்த அம்மாளின் செபமாலையில் தொங்கிக்கொண்டிருந்தாள். கரூர்ப் பக்கம் வயலில் கிடைத்த காசு, தாய் கொடுத்தது. அதிலிருப்பது சம்மனசு, தேவதூதர், என்று நம்பி, கணவர் வேலைக்குக் கிளம்பும்போதெல்லாம் அந்த அம்மா அதை முத்தமிடுவார்.

இயேசுவைச் சிலுவையில் அறைந்தவர்கள் கும்பிட்ட தெய்வம் இது என்றேன். மறுநாளே கழற்றிக் கொடுத்துவிட்டார். பதிலுக்குப் பூந்தமல்லி கடைத்தெருவில் செபமாலையில் கோக்க ஒரு மாதா சுரூபம் வாங்கித் தந்தேன். அதற்கு நன்றி வேறு சொன்னார்.

ஆறு மாதத்தில், தொழிற்பேட்டை எஸ்டேட்டில் பிரஸ் மிஷினில் அவர் கணவருக்கு இரண்டு விரல்கள் போயின. இத்தனை வருஷம் பேயை முத்தமிட்டதற்குக் கிடைத்த தண்டனை என்று அந்த அம்மா சோறு தண்ணீர் இல்லாமல் கிடந்தார். தாங்க முடியாமல் காசை எடுத்துக்கொண்டு போனேன். ஆசையில் அப்படிச் சொல்லிவிட்டேன், இது சம்மனசாகவே இருக்கட்டும் என்றேன்.

அந்த அம்மா என்னையே பார்த்தார். "அப்போ சம்மனசக் கழட்டிக் குடுத்ததாலதான் வெரலு போச்சா?"

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. கட்டுப்போட்ட கையோடு கணவர் சலித்துக்கொண்டார். "மிஷின்ல கை மாட்டாம இருக்கப் போட்ட மூடிய மேஸ்திரி கழட்டி வச்சிட்டான் வாத்தியாரே. வேல சீக்கிரம் ஆவணுமாம். இதுல சாமி இன்னா பண்ணும், சம்மனசு இன்னா பண்ணும்?"

அந்த அம்மா காதில் அது ஏறவில்லை. காசையும் தொடவில்லை. கோயில் உண்டியலில் போட்டுவிடச் சொன்னார். அதுவரை மாதா கோயில் படி மிதிக்காதவன், ஞாயிற்றுக்கிழமை போய்ப் போட்டுவிட்டு வந்தேன்.

செவ்வாய்க்கிழமை கோயில் உபதேசியார் சைக்கிளில் வந்து இறங்கினார். இந்த ஊரில் இப்படிப்பட்ட காசு வைத்திருப்பவர் நீங்கள் ஒருவர்தானே, கைதவறி விழுந்திருக்கும் என்று என் கையில் வைத்துவிட்டுப் போனார். அந்த அம்மா வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கோயிலே வாணான்னுட்ச்சு பாருங்க வாத்தியாரே. நீங்க மொதல்ல சொன்னதுதான் நெஜம்."

அவர் வேறு காரணத்துக்காகத் திருப்பித் தந்தார் அம்மா என்று வேலிவரை ஓடிப்போய்ச் சொன்னேன். அதற்குள் கதவைச் சாத்திவிட்டார்.