கை நனைத்த கல்லூரி

எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சை எழுதி முடித்த அந்தக் கோடையில் எனக்கு இருந்த கர்வத்தை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. கொஞ்சம் பொறாமையாகவும் இருக்கிறது. எங்கிருந்து வந்தது அவ்வளவு கர்வம்? அம்பத்தூர் ஏரிப் பாசனத்தில் நாலு துண்டு நெல் வயலும் ஒரு கத்தரித் தோட்டமும் வைத்திருந்த குடும்பத்துப் பெண் நான். காலை ரயிலில் போய் மாலை ரயிலில் திரும்பி, பெரம்பூர்ப் பக்கம் ஒரு மிஷன் பள்ளியில் படித்தேன். எஞ்சின் கரி படிந்த தாவணியோடு வகுப்பில் உட்கார்ந்து கணக்கில் எல்லோரையும் முந்தினேன். முந்துவது மூச்சுவிடுவதுபோல ஆகிவிட்டது. பட்டணத்துப் பெரிய பெண்கள் கல்லூரிதான் உனக்கு என்று பள்ளியில் எல்லோரும் சொல்லிவிட்டார்கள். நானும் அதன் மாடிப்படிகளில் மனத்துக்குள் ஏறத் தொடங்கிவிட்டேன்.

அம்மா ஏறவில்லை. திருநின்றவூரில் அவள் சொந்தத்தில் ஒரு மாப்பிள்ளை இருந்தார். ஆனி முடிவதற்குள் ஏதாவது கல்லூரியில் இடம் கிடைத்தால் நான் படிக்கலாம், கிடைக்காவிட்டால் ஆவணியில் கல்யாணம் என்று அம்மா ஒருநாள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டே சொன்னாள். கோபமாகச் சொல்லவில்லை. கீரையிலிருந்து கண்ணை எடுக்கவும் இல்லை. அதனால்தான் பயமாக இருந்தது.

அம்மாவின் தம்பி, என் மாமா, எங்கள் ஸ்டேஷனில் பார்சல் குமாஸ்தா. உலகத்தில் உள்ள எதையும் அவர் ரயிலில் ஏற்றிப் பார்த்துத்தான் புரிந்துகொள்வார். என் மாடிப்படிக் கனவையும் ஏற்றிப் பார்த்தார்.

“ஒரே வண்டிய நம்பிகினு இருக்கலாமா கண்ணு? நம்ம ஸ்டேஷன்ல நிக்காம போய்ட்டா இன்னா பண்ணுவ? கண்டிப்பா நிக்கிற வண்டி ஒண்ணு பாத்து வெச்சிக்கணும்.”

நிச்சயம் சேர்த்துக்கொள்ளும் கல்லூரி என்றால் யாரும் சீந்தாத கல்லூரி என்றுதானே அர்த்தம் என்று கேட்டேன். மாமா சிரித்தார்.

“சேத்துக்குவாங்கன்றது பாதி வேலதான். சேந்தப்புறம் ரெண்டு வருசம் நீதான் அங்க குந்தணும். சந்தோசமா குந்துவியா, மூஞ்ச தூக்கி வெச்சிகினு குந்துவியா, அத்த நீதான் பாக்கணும்.”

பட்டணத்துக் கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டதோடு வேறு மூன்று கல்லூரிகளுக்கும் எழுதிப்போட்டார். மூன்று விவரப் புத்தகங்கள் தபாலில் வந்தன. ஒன்றில் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை செய்யக்கூடாதவை. இன்னொன்றில் தையலுக்குக் கொடுத்திருந்த நேரத்தில் பாதிகூடக் கணிதத்துக்கு இல்லை. மூன்றாவது மேற்கே, ரயிலில் மூன்று மணி நேரம் தள்ளி ஒரு சிறிய ஊரில் இருந்தது. மட்டமான காகிதம், கலைந்த அச்சு. கொண்டுவர வேண்டிய சாமான்கள் என்று இரும்புப் பெட்டி, லாந்தர், தட்டு, டம்ளர். அந்தப் பட்டியலின் அடியில், யாரோ போகிறபோக்கில் சேர்த்ததுபோல ஒரு வரி: புத்தகசாலை ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருக்கும். யாருக்கும் தெரியாமல் அந்த வரியின் கீழே பென்சிலால் கோடு போட்டேன். போட்ட கையோடு அழிக்கவும் பார்த்தேன். மட்டக் காகிதம், அழியவில்லை.

நைனாவுக்கு, என் அப்பாவுக்கு, இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. அந்தப் புத்தகத்தை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

“காயிதத்தப் பாத்தா பொண்ணு குடுப்பாங்க? ஊடு பாத்துகினு வரலாம்.”

எங்கள் பக்கத்தில் பெண் கொடுக்கும் முன் அப்படி ஒரு வழக்கம். மாப்பிள்ளை வீட்டைப் போய்ப் பார்ப்பார்கள். கிணறு, மாடு, அடுப்படி, மனிதர்களின் பேச்சு எல்லாம் பார்ப்பார்கள். ஆனால் அங்கே ஒரு வாய் சாப்பிட மாட்டார்கள். எவ்வளவு வற்புறுத்தினாலும், இன்னொரு நாளைக்கு ஆகட்டும் என்று எழுந்துவிட வேண்டும். கை நனைத்துவிட்டால் சம்பந்தத்துக்குச் சம்மதம் என்று பொருள். அதற்குப் பிறகு பின்வாங்கினால் ஊரில் தலைநிமிர்ந்து நடக்க முடியாது.

கல்லூரி திறக்க இன்னும் மூன்று வாரம் இருந்தபோது நைனாவும் மாமாவும் நானும் போனோம். ஓட்டுக் கட்டடம், நீள வராந்தா, பின்னால் வேப்பமரங்கள். நைனா வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு நேராகக் கிணற்றுக்குப் போனார். தானே ஒரு வாளி சேந்தி, வாயில் விட்டுக் கொப்புளித்துத் துப்பிப் பார்த்தார். சமையல்கட்டுக்குப் பின்னால் போய்ச் சாக்கடை ஓடுகிறதா தேங்குகிறதா என்று குனிந்து பார்த்தார். பெருக்கிக்கொண்டிருந்த ஆயாவிடம், பெரியவங்க கோவக்காரங்களா என்று விசாரித்தார். மாமா வெட்கத்தில் ஒரு தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

என்னை யாரும் கவனிக்கவில்லை. வராந்தாவின் மறுகோடியில் விடுமுறைக்கு ஊருக்குப் போகாமல் விடுதியிலேயே தங்கிவிட்ட இரண்டு பெண்கள் தரையில் மண்டியிட்டு, நூலில் சாக்கட்டி கட்டி வட்டம் வட்டமாக இழுத்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி ஒல்லி, ஒருத்தி பூசினாற்போல. ஒரு கோணத்தை நேர்கோடும் வட்டமும் மட்டும் வைத்து மூன்று சம பாகமாக வெட்டப் பார்க்கிறோம் என்றாள் ஒல்லி. இதுவா பிரமாதம், நான் செய்கிறேன் என்றேன். என் கர்வத்தைப் பற்றி முன்பே சொல்லிவிட்டேன். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள், சாக்கட்டியை என்னிடம் கொடுத்தார்கள்.

போட்டேன். அழித்தேன். போட்டேன். வராந்தா முழுக்க வட்டங்கள். தாவணி முழுக்க வெள்ளை. ஒவ்வொரு முறையும் கிட்டே வந்து, ஒரு மயிரிழையில் நழுவியது. கடைசியில் பூசினாற்போல இருந்தவள், இது யாராலும் முடியாத கணக்காம், ஏன் முடியாது என்றுதான் நாங்கள் ஒரு வருஷமாகத் தேடுகிறோம் என்றாள்.

“முன்னாடியே சொல்லக் கூடாதா?”

“பட்டணத்து ரயில்ல வந்தவளாச்சே. உன் அவசரம் அடங்கட்டும்னு இருந்தோம்.”

சிரித்தார்கள். நானும் சிரித்தேன். தோற்றுப்போய் அப்படிச் சிரித்தது எனக்கு அதுதான் முதல் தடவை. முந்த வேண்டிய ஆளே இல்லாத இடத்தில் மூன்று பேர் தரையில் உட்கார்ந்து தெரியாத ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தோம். வேப்பம்பூ விழுந்து கோட்டைக் கலைத்தது. ஊதினோம். வெயில் கோணத்தின் மேல் ஏறி, தாண்டிப் போயிற்று. எவ்வளவு நேரம் என்று யாருக்குத் தெரியும்.

பிரின்ஸ்பால் வெள்ளைச் சேலை கட்டிய, கல்யாணமாகாத அம்மாள். என் மார்க்குகளைப் பார்த்துவிட்டு, இடம் உண்டு, வருவதானால் மாதம் முடிவதற்குள் எழுதிவிடு என்றார். பிறகு, இவ்வளவு தூரம் வந்தவர்கள் சாப்பிடாமல் போகக்கூடாது என்றார். மாமா நைனாவைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். நைனா கிணற்றடிக்குப் போனார், கையைக் கழுவினார், பந்தியில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். கத்தரிக்காய்க் குழம்பு. இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டார். மாமா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

திரும்பும் ரயிலில் மாமா பொருமினார். பட்டணத்துப் பதில் இன்னும் வரவில்லை, அதற்குள் இப்படி வாக்குக் கொடுத்ததுபோல் செய்யலாமா என்றார். நைனா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு சொன்னார்.

“கோடு போட்டுகினு இருந்தப்ப மூணு தபா கூப்ட்டேன் மச்சான். திரும்பிப் பாக்கல. தேர்த் திருவிழாவுல கூட்டத்துல கூப்ட்டாகூட திரும்புற பொண்ணு அது.”

ஒரு வாரம் கழித்துப் பட்டணத்துக் கடிதம் வந்தது. பெரிய கல்லூரியில் இடம். மாமா வேலையைப் போட்டுவிட்டுத் தண்டவாளத்தை ஒட்டியே ஓடிவந்தார். அம்மாகூடச் சிரித்துவிட்டாள், எல்லோருக்கும் வெல்லம் கொடுத்தாள். நான் மறுபடி மாடிப்படியில். நைனா மட்டும் வெல்லத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

“கை நனைச்ச ஊட்ல இல்லன்னு சொல்லணும்னா நேர்ல போய்த்தான் சொல்லணும்.”

மாமா தலையில் அடித்துக்கொள்ளாத குறை. அது வீடில்லை, காலேஜ், அவர்களுக்கு இந்த வழக்கமெல்லாம் தெரியவே தெரியாது, ஒரு கார்டு எழுதிப்போட்டால் முடிந்தது என்றார்.

“அவங்களுக்குத் தெரியாட்டி இன்னா. எனக்குத் தெரியுதே.”

அன்று சாயங்காலமே அரிசி புடைத்துப் பையில் கட்டினார். ஒரு சீப்பு வாழைப்பழம், வெற்றிலை. என்னைக் கூப்பிட்டு, பெண்ணை வேறு இடத்தில் கொடுக்கும்படி ஆகிவிட்டது, மனசில் வைத்துக்கொள்ளக் கூடாது, இதை இங்கிலீஷில் மரியாதையாக எழுது என்றார்.

உட்கார்ந்தேன். நல்ல இங்கிலீஷ் எனக்கு வரும். மதிப்புக்குரிய அம்மணிக்கு என்று எழுதினேன். வருந்துகிறேன் என்று எழுத வேண்டிய இடத்தில் பேனா நின்றுவிட்டது. எதற்கு வருந்துகிறேன்? அந்த மாடிப்படியில் எத்தனையோ முறை ஏறியிருக்கிறேன், ஒருமுறைகூட மேலே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரிந்ததில்லை. ஏறுகிற என்னைக் கீழேயிருந்து பார்க்கிறவர்களைத்தான் தெரியும். அந்த வராந்தாவில் என்னைப் பார்க்க யாருமே இல்லை. என் முழங்காலில் இன்னும் சாக்கட்டியின் சொரசொரப்பு இருப்பதுபோல் இருந்தது. அது பொய், அன்றே குளித்துவிட்டேன். ஆனாலும் இருந்தது.

வேறு காகிதம் எடுத்தேன். இடத்துக்கு நன்றி, கல்லூரி திறக்கும் நாளில் வந்து சேருகிறேன் என்று எழுதி, மடித்து நைனாவிடம் கொடுத்தேன். சொல்லத் தைரியம் வரவில்லை. பெரிய கல்லூரி வேண்டாம் என்று சொல்வதற்கு அந்த வீட்டில் அன்று இடமே இல்லை, அவ்வளவு வெல்லம் தின்றிருந்தார்கள்.

மறுநாள் காலை ரயிலில் போன நைனா, பொழுது சாயும் நேரத்தில் திரும்பினார். வாசற்படியில் உட்கார்ந்து மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு அம்மாவிடம் சொன்னார்:

“மன்னிச்சிக்கணும், எல்லாம் கடுதாசில கீதுன்னு தலய குனிஞ்சிகினு நின்னேன். படிச்சிட்டு அந்தம்மா சிரிக்குது. ரொம்ப சந்தோசம்னுது. அரிசிய வாங்கி உள்ள குடுத்தனுப்பிச்சி, துண்ணுட்டுத்தான் போவணும்னுது. பொண்ணு இல்லன்னு சொல்ல வந்த எடத்துல மறுபடி கை நனைச்சிட்டு வரேன். இன்னா மனுசங்க அவங்க.”

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. கடிதத்தில் என்ன எழுதினேன் என்று சொன்னேன். மாமாவும் அங்கேதான் இருந்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். நைனா என்னை ஏற இறங்கப் பார்த்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அவர் ஒருநாளும் அடித்ததில்லை. அன்று நினைத்தேன்.

“என்னை ஏன் அங்க தல குனிய வெச்ச?” என்றார்.

மூன்று மணி நேரப் பயணம் முழுக்க அவர் மனத்துக்குள் ஒத்திகை பார்த்திருப்பார், அந்த மன்னிப்பை. அதைச் சொல்லி அழுதேன். அவர் எழுந்து வந்து என் தலையில் கையை வைத்தார்.

“போவட்டும். நல்ல சோறு அது. தைரியமா துண்ணு.”

பெரிய கல்லூரிக்கு நானே எழுதினேன். வருந்துகிறேன் என்று எழுத இந்த முறை பேனா நிற்கவில்லை. மாமா பத்து நாள் என்னோடு பேசவில்லை. பதினோராம் நாள் பூந்தமல்லி பாய் கடையிலிருந்து இரும்புப் பெட்டி ஒன்றைத் தானே சுமந்துவந்து இறக்கி, அதன்மேல் அந்தச் சின்ன ஊரின் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதினார். பெயர் எழுதும்போது நாக்கைக் கடித்துக்கொண்டிருந்தார், பார்சலுக்கு எழுதுவதுபோலவே.

திருநின்றவூருக்கு அம்மா என்ன சொல்லி அனுப்பினாளோ, எனக்குச் சொல்லவில்லை. புறப்படும் நாள் காலையில் நைனாவிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்.

“அங்க கருவாடு போடுவாங்களா?”

“ரெண்டு தபா துண்ணேன். கண்ணுல காட்டல.”

அம்மா உள்ளே போனாள். என் பெட்டியில் மடித்துவைத்த தாவணிகளுக்கு அடியில் வாழைமட்டையில் சுற்றிய ஒரு பொட்டலத்தைத் திணித்தாள். ஆவடி தாண்டுவதற்குள் பெண்கள் வண்டியில் இருந்தவர்கள் எல்லோரும் மூக்கைப் பிடித்துக்கொண்டு யார் யார் என்று தேட ஆரம்பித்தார்கள். நான் பெட்டியின் மேலேயே உட்கார்ந்துகொண்டு, அவர்களோடு சேர்ந்து நானும் தேடினேன்.