அப்பா கொண்டுபோன முகம்

வானின் பாட்டுப்பெட்டி ஓரத்தில் இருந்த சின்னப் பொத்தானைப் பெருவிரலால் அமத்தினால் "டிக்" என்று ஒரு சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் கேட்டதென்றால் அப்பா வானை நிறுத்திவிட்டார், இனி இறங்கி வீட்டுக்குள் வருவார் என்று அர்த்தம். படலையடியில் நின்று அதற்காகக் காத்திருப்பது எனக்கும் தம்பிக்கும் அந்த நாட்களில் ஒரு வேலையாகவே இருந்தது. வெயிலில் நின்று வந்த வானுக்குள் கருவாட்டு மணமும் புதுப் பிளாஸ்ரிக் மணமும் கலந்து கிடக்கும்.

எங்கள் வீடு ஊர்காவற்றுறையில். அப்பாவும் அவருடைய சகோதரர்களும் அவர்களுக்கு முன்னிருந்தவர்களும் கடலை நம்பிச் சீவித்தவர்கள். கடலுக்குப் போகும் நேரத்தையும் தூரத்தையும் மற்றவர்கள் தீர்மானிக்கத் தொடங்கிய பிறகு, அப்பா படகையும் எஞ்சினையும் விற்றுவிட்டு ஒரு பழைய வான் வாங்கி வாடகைக்கு, "ஹயர்" ஓடினார். சண்டை ஓய்ந்து பாதை திறந்து, வெளிநாட்டுச் சனம் ஊர் பார்க்க வரத் தொடங்கிய காலம் அது. வானோடு வந்த ஜப்பான் றேடியோ எங்கள் பக்கத்து நிலையங்களைப் பிடிக்காது, கடலிரைச்சலைப்போல ஒரு இரைச்சலை மட்டும் தரும். பாட்டில்லாத வானில் ஏற மாட்டோமென்று கனடாவிலிருந்து வந்த ஒரு குடும்பம் எங்கள் கண்முன்னாலேயே வேறு வானில் ஏறிப்போனது. அம்மாவுக்கு அன்று முழுக்க முகம் சரியில்லை. சந்தியில் நின்ற மற்ற வான்கள் எல்லாம் பாடிக்கொண்டு நிற்க, எங்களுடையது மட்டும் ஊமையாக நின்றால் அடுப்பு எப்படி எரியும் என்பதுதான் கவலை.

ஆகவே ஒரு சனிக்கிழமை நாங்கள் எல்லோரும் வானுக்குப் பாட்டுப் போடும் "செற்" வாங்க யாழ்ப்பாணம் போனோம். கடைக்காரர் ஒல்லியான இளைஞர். மேசையில் மூன்று செற்றுகளை எடுத்து வைத்தார். ஒன்று சாதாரண கசெற் செற், வானோடு இறுக்கிப் பூட்டிவிடுவது. மற்றது சீடி போடுவது, பாட்டுக்கேற்ப நீல வெளிச்சம் அங்குமிங்கும் ஓடும். எனக்கு அதுதான் வேண்டும், அதை விட்டால் உலகில் வேறொன்றும் வேண்டாம். மூன்றாவதும் கசெற் செற்தான், ஆனால் கடைக்காரர் அதன் ஓரத்தை அமத்தியதும் பொத்தான்கள் இருந்த முன்பக்கம் முழுவதும் கையோடு கழன்று வந்தது.

"அண்ணை, இதின்ரை முகத்தைக் கழட்டிச் சட்டைப்பையுக்கை வைச்சுக்கொண்டு போகலாம். முகம் இல்லாட்டில் கள்ளனுக்கு உது வெறும் தகரம்."

அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. "பிள்ளையள் எடுத்து விளையாடி உடைக்குங்கள். பூட்டினபடி கிடக்கிறதை வேண்டுவம்" என்றார். அப்பா அந்த முகத்தை வாங்கி, கழற்றிப் பூட்டி, மறுபடியும் கழற்றிப் பார்த்துக்கொண்டே நின்றார். கடலுக்குப் போன காலம் முழுவதும் கரைக்கு வந்ததும் படகின் எஞ்சினைக் கழற்றித் தோளில் சுமந்துகொண்டுதான் அவர் வீட்டுக்கு வருவார். படகு கரையில் கிடக்கும், எஞ்சின் எங்கள் விறாந்தையில் கிடக்கும்.

"எஞ்சினைக் கரையிலை விட்டுட்டு நான் ஒருநாளும் நித்திரை கொண்டதில்லை. உமக்குத் தெரியும்தானே" என்று அம்மாவிடம் சொன்னார். அதோடு பேச்சு முடிந்தது. நீல வெளிச்சம் கிடைக்காத கோபத்தில் நான் திரும்பி வரும்போது பண்ணைப் பாலம் முழுக்க யாரோடும் கதைக்கவில்லை.

அந்தச் செற்றில் எனக்குப் பிடிக்காத இன்னொன்றும் இருந்தது. முகத்தைக் கழற்றினால் உள்ளே ஒரு கறுத்த சதுரப் பள்ளம் தெரியும், அதன் மூலையில் ஒரு சிவப்புப் பொட்டு மினுங்கி மினுங்கி அணையும். கள்ளனை வெருட்டுவதற்காம். தம்பி அதற்குக் "கண்" என்று பெயர் வைத்தான். பகலிலும் நான் வானின் முன் சீற்றில் தனியே இருக்க மாட்டேன்.

மற்றபடி வீட்டில் அது ஒரு பகிடியாகிவிட்டது. "அப்பான்ரை முகம் எங்கை?" "அலுமாரிக்குள்ளை கிடக்கு." இப்படி நாங்கள் கதைப்பதைக் கேட்டு வந்தவர்கள் விழிப்பார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை நடுவில் அப்பா முழங்காலில் நிற்கக் குனிந்தபோது முகம் சட்டைப்பையிலிருந்து நழுவி, சீமெந்துத் தரையில் சறுக்கிக்கொண்டு போய்ப் பெண்கள் பக்கம் நின்றது. அம்மா அதை எடுத்து முக்காட்டுக்குள் ஒளித்த வேகத்தை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பு வரும்.

பிறகு காலம் மறுபடி கெட்டது. பொழுதுபட முன்னர் கதவுகள் சாத்தப்பட்டன, ஒவ்வொரு கிழமையும் எங்கோ ஒரு வீட்டில் அழுகுரல் கேட்டது. அப்படியான ஒரு நாளில் அப்பா ஒரு நோயாளியை யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரியில் இறக்கிவிடப் போனார். இறக்கியும் விட்டார். திரும்பி வரவில்லை.

அடுத்த நாள், யாழ்ப்பாணத்திலிருந்து வரும் வழியில் அல்லைப்பிட்டிப் பக்கம் தெருவோரப் பனைகளுக்குக் கீழே வான் நிற்பதாக மாமா, அம்மாவின் தம்பி, வந்து சொன்னார். நாங்கள் ஓடினோம். கதவுகள் ஒழுங்காகச் சாத்தியிருந்தன. பூட்டித் திறக்கும் வான் திறப்பு அதில் இல்லை. கண்ணாடியோடு நெற்றியை அழுத்தி அம்மா உள்ளே பார்த்தார். இரத்தமில்லை, உடைந்தது ஒன்றுமில்லை. செற் இருந்த இடத்தில் கறுத்த பள்ளமும் அதற்குள் மினுங்கும் சிவப்புப் பொட்டும் மட்டும் தெரிந்தன. வழி நெடுக அழுதுகொண்டு வந்த அம்மா அழுகையை நிறுத்திவிட்டார்.

"முகத்தைக் கழட்டிக்கொண்டு போனவர். ஆரும் இழுத்துக்கொண்டு போயிருந்தால் முகம் இஞ்சைதான் கிடந்திருக்கும். அவர் திரும்பி வாறதுக்குத்தான் கழட்டிக்கொண்டு போனவர்."

அன்றிலிருந்து அம்மா பிடித்துக்கொண்டிருப்பது அந்த ஒரு நினைப்பைத்தான். எனக்கு அது வேறு விதமாகப் பட்டது. ஓரமாக நிறுத்தி, "டிக்" என்று கழற்றிப் பையில் வைத்து, ஆறுதலாக இறங்கிக் கதவைச் சாத்திப் போனார் என்றால், அவரை மறித்த குரல் அவருக்குப் பழக்கமான குரல். அது யாருடையது என்ற கேள்வியோடுதான் நான் வளர்ந்தேன். திருவிழாவில், கலியாண வீட்டில், அப்பாவைப் பற்றி அன்பாக விசாரிக்கும் எவரையும் நான் ஒரு கணம் உற்றுப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வேன். இது நல்ல பழக்கமில்லை, விடவும் முடியவில்லை.

மாமா வீட்டில் கிடந்த மற்றத் திறப்பால் வானைத் திறந்து ஓட்டிவந்து முற்றத்தில் விட்டார். சிவப்புப் பொட்டு அணையாமல் இருக்க வேண்டுமென்று அம்மா பிடிவாதமாக நின்றதால், பற்றறியைக் கழற்றிப் புளியங்கூடலில் சார்ஜ் போட்டுக்கொண்டு வருவதும் அவர் பாடாயிற்று. பின்னேரச் செபமாலைக்கு நாங்கள் முழங்காலில் இருக்கும்போது திறந்த கதவு வழியே அது மினுங்குவது தெரியும். நான் மாதாவின் சுரூபத்தைப் பார்ப்பதை விட்டு அதையே பார்ப்பேன். எண்ணெய்த் தட்டுப்பாட்டில் சார்ஜ் போடும் இடம் மூடப்பட்ட பிறகு, ஒரு பின்னேரம் அது மினுங்கவில்லை. அம்மா அன்று மன்றாட்டைக் கொஞ்சம் பலமாகச் சொன்னார்.

அதற்கிடையில் காணாமல் போனவர்களைப் பற்றிய ஒரு விசாரணைக்கும் போனோம். "என்ரை மனிசன் முகத்தைக் கழட்டிக்கொண்டு போனவர்" என்று அம்மா சொன்னார். மொழிபெயர்க்க இருந்தவர் வெளியூர்க்காரர். "முகத்தை மூடிக்கொண்டு போனாரா?" என்று கேட்டார். "இல்லைத் தம்பி, கழட்டினவர். சட்டைப்பையுக்கை வைச்சவர்." அவர் விசாரித்த அதிகாரியிடம் ஏதோ சொல்ல, இருவரும் அம்மாவைப் புத்தி பேதலித்த ஒருவரைப் பார்ப்பதைப்போலப் பார்த்தார்கள். நான் குறுக்கே விழுந்து, வான் செற்றின் முன்பக்கத்தை எங்கள் வீட்டில் அப்படித்தான் சொல்லுவோம் என்று விளங்கப்படுத்தினேன். விளங்கியதும் அவர்களுக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பை என்னால் இன்றும் மன்னிக்க முடியவில்லை.

இப்போது அந்தக் கடை இல்லை. கசெற்றும் இல்லை. வான் கறள் பிடித்து இரும்புக்குப் போய்விட்டது. போக முன்னர் அம்மா செற்றை வயர்களோடு கழற்றுவித்து, அலுமாரிக்கு மேலே, வாசலைப் பார்த்தபடி வைத்தார். இன்றைய கார்களில் பெரிய திரை இருக்கிறது, கழற்றுவதற்கும் பூட்டுவதற்கும் ஒன்றுமில்லை. ஆனாலும் காரை நிறுத்தினால் என் பெருவிரல் தானாக அந்தப் பக்கம் போய்த் தடவிப் பார்த்துவிட்டுத் திரும்பும்.

போன வருடம் ஒரு உத்தியோகத்தர் வீட்டுக்கு வந்திருந்தார். எங்கள் பக்கத்துப் பிள்ளைதான், மரியாதையானவர். அப்பா இனி இல்லை என்ற பத்திரத்துக்கு அம்மா கையெழுத்து வைக்க வேண்டுமாம். அம்மா அவருக்குக் கதிரை இழுத்துப் போட்டு, தேத்தண்ணி கொடுத்து, அவர் குடித்து முடியும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ரை மனிசன்ரை முகத்தைக் கொண்டந்து தாரும் தம்பி. நான் கையெழுத்து வைக்கிறன்."

அந்தப் பிள்ளை தலையைக் குனிந்துகொண்டார். அம்மா கேட்டது எதை என்று அவர் நினைத்தார் என்பது எனக்குத் தெரிந்தது. இந்தமுறை நான் விளங்கப்படுத்தப் போகவில்லை.