படகுப் பாயில் மிஞ்சிய துணி

என் அப்பாவுக்குப் படகின் பாய் தைக்கத் தெரியாது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தெரியாது என்று வாயைத் திறந்து சொல்லவும் அவருக்குத் தெரியாது. கண்டி டவுனில் தையல் கடை வைத்திருந்தார். கோட்டு, கால்சட்டை, கொசுவலை, ஜன்னல் திரை, வண்டிக்கு மேல்மூடி என்று யார் எதைக் கொண்டுவந்தாலும் “செஞ்சிரலாமே” என்பார். சொல்லிவிட்டு முன்பக்கம் உட்கார்ந்து அரசியல் பேசுவார். பாதி வேலையைச் செய்து முடிப்பது பின்னால் வீட்டுக்குள் இருந்த அத்தை.

அத்தை அப்பாவின் தங்கை. கல்யாணமான மறுவருஷமே புருஷனைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்துவிட்டு எங்கள் வீட்டுக்கு வந்தவர். இந்தப் பாய் விஷயம் நடந்தபோது அவருக்கு இருபத்தைந்து வயதுக்கு மேல் இருக்காது. எனக்கு எட்டு. அத்தையிடம்தான் ஊசி பிடிக்கக் கற்றேன். நன்றாகக் கற்றுக்கொடுத்தார், பொறுமையாக அல்ல. தையல் ஒவ்வொன்றும் அரிசி அளவு இருக்க வேண்டும். கொஞ்சம் நீண்டால் விரல் முட்டியில் அடி விழும், முழுவதையும் பிரிக்க வேண்டும். அந்தப் படகுப் பாய் கடைக்கு வந்த வாரம் ஒரே கைக்குட்டையை என்னை மூன்று முறை பிரிக்க வைத்தார். அந்தக் கோபம் எனக்கு இருந்தது. அதையும் மறைக்கப் போவதில்லை.

பாயைக் கொண்டுவந்தவர் ஹந்தானை மலைப் பக்கம் தோட்டத் துரையாக இருந்து ஓய்வு பெற்ற வெள்ளைக்காரர். வாவிக்கு மேலே பங்களா, வாவியில் ஒரு சின்னப் பாய்ப்படகு. தோட்டத்தில் ஆட்களை விரட்டிப் பழகிய தமிழ்தான் அவருக்கு வரும்.

“மேஸ்திரி, கொழும்பு அனுப்பினா ரொம்ப நாள். நீ தை. கிழிசல் எல்லாம் அடை. புதுசு மாதிரி வேணும்.”

“செஞ்சிரலாம் துரை.”

துரை இன்னொன்றும் சொன்னார். பங்களாவுக்குப் பகலில் வந்து துரைசாணிக்குத் தைத்துக் கொடுக்க ஒரு பெண் வேண்டுமாம். பாய் நன்றாக வந்தால் அப்பா தன் தங்கையை அனுப்பலாம். அப்பா வழக்கப்படி தலையாட்டினார். மத்தியானம் சாப்பிடும்போது அத்தையிடம், “பாய் நல்லபடியா முடியட்டும். அப்புறம் போய்ட்டு வா” என்றார். அத்தை குழம்பை ஊற்றிக்கொண்டே இருந்தார். சோறு மூழ்கியது. அன்று சாயங்காலமே தன்னிடமிருந்த நல்ல வெள்ளைச் சேலையைத் துவைத்து, இஸ்திரி போட்டு, அலுமாரியில் தனியாக வைத்துவிட்டார்.

பாயைப் பின்னறையில் விரித்தோம். அறை போதவில்லை. கட்டிலை வெளியே போட்டோம், கதிரைகளைக் கடைக்குத் தள்ளினோம். முக்கோணத் துணி, பாசி நாற்றம், ஓரமெல்லாம் கயிறு வைத்துத் தைத்தது. நீளநீளமான பட்டைகளை ஒட்டித் தைத்திருந்தார்கள். பல இடங்களில் நூல் மக்கி, தொட்டால் உதிர்ந்தது. துணியில் கரும்புள்ளி விழுந்திருந்தது. அத்தை நூலுக்கு மெழுகு பூசி மூன்று நாள் தைத்தார். கிழிசலுக்கு ஒட்டுப் போட்டார். மக்கிய தையலை எடுத்துவிட்டுப் பழைய ஊசித் துளை வழியாகவே புதுநூலை ஓட்டினார். எதிர்க்கடை முஸ்லிம் நானா ஒருநாள் எட்டிப் பார்த்து, “என்ன மாஸ்டர், கண்டிக்குக் கடல் வந்துட்டா? எங்களுக்கு ஒருத்தரும் சொல்லவே இல்லயே” என்று கேட்டுவிட்டுப் போனார்.

மூன்றாம் நாள் சாயங்காலம் அப்பா வேலையைப் பார்வையிட வந்தார். பாய் தரையில் சமமாகப் படுக்கவில்லை. நடுவில் உப்பிக்கொண்டு நின்றது. காலால் அழுத்தினார். இந்தப் பக்கம் அமுங்கி அந்தப் பக்கம் எழுந்தது.

“பழசாகித் தொய்ஞ்சு போச்சு. முழங்கால் தொய்ஞ்ச கால்சட்டை மாதிரி. இதப் பிடிச்சாத்தான் புதுசு மாதிரி இருக்கும்.”

அவர் வாழ்நாளில் பார்த்த தொய்வு எல்லாம் கால்சட்டைத் தொய்வுதான். வாவியில் படகு போகும்போது கரையில் நின்று பார்த்திருப்பார், அவ்வளவுதான். கடைக்குத் திரும்பிப் போய் அளவுகோலும் சாக்குக் கட்டியும் தேடினார்.

அத்தை கடைவாசல் வரைக்கும் போய் நின்று, “அண்ணே, அந்தத் தொய்வு வேணும்னே விட்டிருக்கான் போல இருக்கு” என்றார்.

கடையில் மூன்று நான்கு ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அப்பா அவர்களைப் பார்த்துச் சிரித்தார். “தொய்வு வேணும்னு எவனாவது தைக்கக் குடுப்பானா? எப்படித் தெரியும் உனக்கு? சொல்லு பாப்போம்.”

அத்தை உள்ளே வந்துவிட்டார். காரணத்தை அடுப்படியில் அம்மாவிடம்தான் சொன்னார்.

“ரவிக்கைக்கு வெட்டுற மாதிரி வெட்டியிருக்கான் அண்ணி. பட்டையோட விளிம்பு நேரா இல்ல, வளைஞ்சிருக்கு. வளைஞ்ச ரெண்ட ஒட்டினா நடுவுல உப்பும். அதுலதான் காத்துப் பிடிக்கும்.”

“அத உங்க அண்ணன்கிட்ட சொல்ல வேண்டியதுதானே?”

“எதச் சொல்ல? அத்தன ஆம்பளைங்க முன்னாடி ரவிக்கைக் கதையா?”

இரண்டு பேரும் சிரித்தார்கள். எனக்கு விளங்கவில்லை. பெரியவர்களின் அசிங்கப் பேச்சு என்று நினைத்தேன்.

நாலாம் நாள் காலை அப்பா வந்து, பட்டைகள் சேரும் இடமெல்லாம் சாக்குக் கட்டியால் நேர்கோடு போட்டார். கோட்டுக்கு வெளியே இருக்கும் துணியை உள்ளே மடித்துத் தைக்கச் சொன்னார். அத்தை “சரிண்ணே” என்றார். அவர் போனதும் நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

அத்தை தைத்த தையலைப் பார்த்து எனக்குக் கண் பிதுங்கியது. ஒவ்வொன்றும் ஒரு விரல் நீளம். இழுத்தால் கையோடு வந்துவிடும். அரிசி அளவு, அரிசி அளவு என்று என் விரல் முட்டியைத் தட்டிய அதே அத்தை. இப்படி ஒரு சந்தர்ப்பம் எனக்கு வாழ்க்கையில் வாய்த்ததில்லை. எழுந்து நேரே கடைக்கு ஓடினேன்.

“அப்பா, அத்தை ஏமாத்துறாங்க. பெரிய பெரிய தையலாப் போடுறாங்க.”

அப்பா வந்து ஒரு நூலைப் பிடித்து இழுத்தார். சர்ரென்று ஒரு முழம் வந்தது.

“என்ன இது? துரை வேலைக்கு நூலோட்டுறியா?”

“அப்புறமா மெசின்ல போடலாம்னு…” என்றார் அத்தை. சொல்லும்போது அப்பாவைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் இன்றைக்கு நான் இதை மறந்திருப்பேன்.

அப்பா அன்றைக்கு ஒருநாள்தான் உண்மையாக வேலை செய்தார். மெசினைப் பின்னறைக்கு இழுத்துவரச் சொல்லி, தடித்த நூல் போட்டு, மடிப்பு எல்லாவற்றையும் தானே இரட்டைத் தையலாக அடித்தார். பிறகு, உள்ளே மடிந்திருந்த துணி தடிப்பாகத் தெரிகிறதென்று கத்தரியை எடுத்தார்.

“அண்ணே, வெட்ட வேணாம். அது இருக்கட்டும்.”

“எதுக்கு? குப்பையா?”

“ஒரு தடவ கட்டிப் பாத்துட்டு வெட்டலாமே அண்ணே.”

அத்தை அவ்வளவு கெஞ்சி நான் பார்த்ததில்லை. அப்பா வெட்டினார். நடுவில் அகலமாகவும் இரண்டு முனையிலும் கூராகவும் ஏழெட்டுத் துண்டுகள் தரையில் விழுந்தன. “நல்ல புள்ள. பொம்மைக்கு வச்சுக்கோ” என்று அவற்றை என்னிடம் கொடுத்தார். சம்பாதித்த சொத்து மாதிரி வாங்கிக்கொண்டேன். பாய்க்குக் கஞ்சி போட்டு இஸ்திரியும் போட்டார்கள். தரையில் பலகை போலப் படுத்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை வாவிக்கரைக்கு எல்லாரும் போனோம். அப்பா கோட்டுப் போட்டிருந்தார். அத்தை அந்த வெள்ளைச் சேலையில் வந்து அம்மாவுக்குப் பின்னால் நின்றார். துரை பாயை ஏற்றினார். கரையிலிருந்து பார்க்க மிக அழகாக இருந்தது. ஒரு சுருக்கம் இல்லை. ஹந்தானைப் பக்கமிருந்து காற்று வந்தது. பாய் படபடவென்று அடித்துக்கொண்டது, காற்றைப் பிடிக்கவில்லை. படகு முன்னால் போகாமல் பக்கவாட்டில் நகர்ந்து, நண்டு மாதிரி கரை மதிலில் வந்து மோதியது. துரை தள்ளிவிட்டார். மறுபடியும் மோதியது. கரையில் நின்ற சிங்களப் பையன்கள் கைதட்டினார்கள். கடைசியில் துடுப்புப் போட்டுத்தான் கரைக்கு வந்தார்.

அப்பா கைகட்டி நின்றார். துரை சத்தம் போடவில்லை. தையலைத் தடவிப் பார்த்துவிட்டு, “இதைப் பிரி” என்றார்.

“பிரிச்சுரலாம் துரை. ஆனா…”

“மிச்சத் துணி எங்கே?”

“வெட்டியாச்சு துரை.”

துரை அதற்கு மேல் தமிழில் ஒன்றும் சொல்லவில்லை. பாயை அவிழ்த்துச் சுருட்டி எடுத்துக்கொண்டு பங்களாவுக்கு ஏறினார். துரைசாணியின் தையலைப் பற்றி அவர் பேசவில்லை, அப்பாவும் கேட்கவில்லை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அப்பா அத்தையைத்தான் திட்டினார். “மொதல்லயே ஒழுங்காத் தச்சிருந்தா இந்த மானக்கேடு வருமா?” என்றார். அவர் என்ன கணக்கில் அப்படிச் சொன்னார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அத்தை எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. எதிர்த்துப் பேசியிருக்க வேண்டும்.

அந்த மாதமே அத்தையை நாவலப்பிட்டியில் இருந்த பெரியப்பா வீட்டுக்கு அனுப்ப முடிவு செய்தார்கள். அங்கே ஆறு பிள்ளைகள். பெரியம்மாவுக்கு உடம்பு சரியில்லை. சமைக்க ஆள் வேண்டும். மெசின் கிடையாது.

விரல் நீளத் தையல் எதற்கென்று அம்மா எனக்குச் சொன்னது, நானே ரவிக்கை போடும் வயதில். அண்ணன் சொன்னபடி மடித்தும் கொடுக்க வேண்டும், துரை ஒருமுறை கட்டிப் பார்த்துத் திருப்பி அனுப்பினால் ஒரு மணி நேரத்தில் உருவி எடுத்துப் பழையபடி ஆக்கியும் கொடுக்க வேண்டும். அதுதான் அத்தையின் யோசனை. அதை யாரிடமும் சொல்லவில்லை. அம்மாவே அத்தை ரயிலேறிய பிறகுதான் ஊகித்தாராம்.

ரயிலேறுவதற்கு முதல்நாள் மத்தியானம் அத்தை என்னைக் கூப்பிட்டு, அந்தத் துண்டுகளைக் கேட்டார். பிடுங்கிக்கொள்வாரோ என்று பயந்து, அரை மனதோடு கொடுத்தேன். இரண்டு துண்டை வளைந்த பக்கமாக ஒட்டி என் பொம்மைக்கு ஒரு சட்டை தைத்தார். பொம்மைக்கு நெஞ்சு வந்தது போல அழகாக உப்பி நின்றது. ஆனால் தையல் எல்லாம் விரல் நீளம்.

“அத்தை, இதுவும் பெரிய தையல்” என்றேன். மறுபடியும் பிடித்துவிட்ட பெருமை எனக்கு.

“இருக்கட்டும்டி. பொம்மை வளந்தா பிரிச்சுப் பெருசாக்கிக்கலாம்.”

பொம்மை வளராது என்று எட்டு வயதில் எனக்கு நன்றாகத் தெரியும். இவ்வளவு வயதாகியும் அத்தைக்கு அது தெரியவில்லையே என்று நினைத்தேன். அத்தை போன பிறகு நானே உட்கார்ந்து அந்தச் சட்டையைப் பிரித்து, அரிசி அளவில் திருத்தித் தைத்தேன்.