அக்காவின் போயாச் சாப்பாடும் பெயரில்லாத ஒரு பெட்டிசமும்

உ

நினைவு மலர்களில் எழுதப்படுவதை நான் நம்புவதில்லை. எத்தனையோ முப்பத்தோராம் நாள் வீடுகளில் சாப்பிட்டுவிட்டு, கையில் தந்த புத்தகத்தை பஸ்ஸில் இருந்து வாசித்தவன் நான். இறந்தவர்கள் எல்லோரும் கோபமே அறியாதவர்கள், புன்னகை மாறாதவர்கள், வாரி வழங்கியவர்கள். அப்படியானால் வெள்ளவத்தையில் சண்டை பிடிப்பவர்கள் யார் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

ஆகவே, கனடாவிலிருந்து வந்த என் மருமகள், அக்காவின் ஒரே பிள்ளை, "மாமா, மலருக்கு நீங்கள்தான் எழுதவேணும்" என்று கேட்டபோது எனக்கு முதலில் வந்தது துக்கமல்ல, சந்தேகம். படித்தவர்கள் இத்தனை பேர் இருக்க என்னை ஏன் கேட்கிறாள்? இவளுக்கும் யாரோ சொல்லிவிட்டார்களோ? இரண்டு நாள் யோசித்தேன். பிறகு, யாரும் சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுவது நல்லது என்று எழுத உட்கார்ந்தேன்.

அக்கா அவர்கள் வடமராட்சியில் எங்கள் பெற்றோருக்கு மூத்த மகளாகப் பிறந்தார். நான் அவருக்கு ஏழு வயது இளையவன். அப்பா நேரத்தோடு காலமானதால், படித்து முடித்த கையோடு கொழும்பில் ஒரு கப்பல் கம்பனியில் தொலைபேசி இயக்குநராக வேலைக்குச் சேர்ந்தார். மூன்று மொழியும் அங்கே வயரில் கேட்டுப் பழகியவை. "மூண்டு பாஷையிலயும் 'கொஞ்சம் பொறுங்கோ' எண்டு சொல்லத் தெரிஞ்சாப் போதும், மிச்சத்தை அவையளே சொல்லுவினம்" என்பார். என்னையும் கொழும்புக்குக் கூப்பிட்டு, படிப்பித்து, எழுதுவினைஞர் வேலை கிடைக்கும்வரை சோறு போட்டவர் அவர்தான். அக்காவுக்குக் கோபம் வரும். நான் பரீட்சைக்குப் போகாமல் படம் பார்க்கப் போன நாளில் எறிந்த அகப்பையின் அடையாளம் என் முழங்கையில் இன்னும் இருக்கிறது. இதை எழுதாவிட்டால் இந்த மலரையும் நான் நம்ப மாட்டேன்.

அத்தானைக் கைப்பிடித்தபின் கொட்டாஞ்சேனையில் ஒரு வாடகை வீட்டில் குடியிருந்தார்கள். நானும் கூடவே இருந்தேன். கலவர வருடத்தில் தமிழர் வீடுகளைத் தேடி ஒழுங்கைக்குள் வந்த கூட்டம் இடப்பக்க வீட்டையும் பார்க்கவில்லை, வலப்பக்க வீட்டையும் பார்க்கவில்லை. நேராக எங்கள் கதவுக்கு வந்தது. அக்காவோடு வேலை செய்த ஸ்டெல்லா அவர்களின் தகப்பனார்தான் எங்களைப் பின்பக்கத்தால் இழுத்துக்கொண்டுபோய் நான்கு நாள் தங்கள் வீட்டு உள்ளறையில் வைத்திருந்தார். துறைமுகத்தில் வேலை செய்த ஒரு சிங்களவர், தன் பெயரைக்கூடச் சொல்லாமல், ஒவ்வொரு நாளும் விடிய அரிசியும் பருப்பும் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போனார்.

அந்த நான்கு நாளும் அக்காவும் நானும் ஒரே பாயில்தான் உட்கார்ந்திருந்தோம். ஆனால் எழும்பி வந்தது வேறு வேறு ஆட்களாக. அக்கா, அரிசி கொண்டுவந்த மனிதரை மறக்கவில்லை. நான், எங்கள் கதவைக் காட்டிக் கொடுத்தது யார் என்பதை மறக்கவில்லை. யாரென்று தெரியாததால் எல்லோரையும் சந்தேகப்பட வேண்டியதாயிற்று. இன்று வெள்ளவத்தைத் தொடர்மாடியின் நாலாம் மாடியில் இருக்கும் என் வீட்டுக் கதவுக்கு மூன்று பூட்டும் ஒரு சங்கிலியும் உண்டு. பார்ப்பதற்கு ஒரு கண்ணாடித் துளையும் உண்டு.

அக்காவின் வீடு எனக்குக் கீழே, மூன்றாம் மாடியில். அத்தானின் மறைவுக்குப் பிறகு தனியாகத்தான் இருந்தார். காஸ் இல்லாமல் கொழும்பே வரிசையில் நின்ற காலத்தில், இரண்டாம் மாடியில் நிஹால் மாத்தயாவிடம் அரை சிலிண்டர் இருந்தது. அவர் ரயில்வேயில் ஓய்வு பெற்ற சிங்களவர் (மாத்தயா என்றால் ஐயா), எங்கள் தொடர்மாடி முகாமைத்துவக் குழுவின் செயலாளர். முதலாம் மாடி ரிஸ்வானா டீச்சரிடம் மண்ணெண்ணெய் அடுப்பு இருந்தது. அக்காவிடம் பெரிய பானையும் பெரிய வாயும் இருந்தன. மூன்றையும் சேர்த்து ஒரு போயா நாளில், பௌர்ணமி விடுமுறையன்று, எல்லோருக்குமாகச் சமைத்தார்கள். கொட்டாஞ்சேனையிலிருந்து ஸ்டெல்லாவும் ஒரு சட்டியோடு வந்து சேர்ந்தார்.

போயாவை அக்கா தற்செயலாகத் தேர்ந்தெடுக்கவில்லை. அன்று எல்லோருக்கும் லீவு. பௌத்தர்கள் சைவமாகச் சாப்பிடும் நாள், நாங்களும் பறுவத்துக்கு மச்சம் தொடமாட்டோம். எல்லாமே மரக்கறி என்றால் டீச்சரும் எந்தச் சட்டியையும் பயமில்லாமல் திறக்கலாம். ஸ்டெல்லா மட்டும் "ஒரு கருவாட்டுத் துண்டுகூட இல்லாம என்ன சாப்பாடு இது" என்று ஒவ்வொரு மாதமும் முறைப்பட்டுக்கொண்டே இரண்டு தரம் போட்டுச் சாப்பிடுவார்.

சாப்பிட்டபின் ஆளுக்கொரு கதை சொல்ல வேண்டும் என்பது அக்காவின் சட்டம். தன் வாழ்க்கையில் நடந்ததாக இருக்க வேண்டும். இன்னொருவரின் கதையைச் சொல்லக் கூடாது. அங்கே கேட்டதை வெளியே கொண்டுபோகவும் கூடாது. தெரியாத சொல்லை டீச்சர் மொழிபெயர்த்துச் சொல்லுவார்.

காஸ் திரும்ப வந்தது. அவர்கள் வருவது நிற்கவில்லை. எனக்கு அங்கேதான் பிடித்தது சந்தேகம். அடுப்பு எரிகிற ஆட்களுக்கு அக்காவின் வீட்டில் என்ன வேலை? தனியாக இருக்கும் மனுசி, மகள் கனடாவில், வீட்டு உறுதிப் பத்திரம் அலுமாரிக்குள். கூட்டிக் கழித்துப் பார்க்க எனக்கு அதிக நேரம் எடுக்கவில்லை. ஒருநாள் திறந்திருந்த கதவால் எட்டிப் பார்த்தேன். அக்கா சொல்லச் சொல்ல டீச்சர் ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டிருந்தார். இரண்டு கிழமை எனக்கு நித்திரையில்லை. கடைசியில் அது கத்தரிக்காய்ப் பொரித்த குழம்பின் செய்முறை என்று தெரியவந்தது. அதற்குப் பிறகும், அது மட்டும்தானா என்று ஒரு யோசனை இருந்தது.

"நீயும் வாவன் தம்பி. உன்னை ஒருத்தரும் கடிச்சுத் தின்னமாட்டினம்" என்று அக்கா கூப்பிடுவார்.

"எனக்கு அவையோட என்ன கதை?"

"அதைத்தான் வந்து சொல்லெண்டுறன்."

போகவில்லை. ஒவ்வொரு போயாவுக்கும் டிபன் கரியரில் எல்லாக் கறியிலும் கொஞ்சம் மேலே வரும். மணந்து பார்த்துவிட்டுத்தான் சாப்பிடுவேன். நல்லாய்த்தான் இருந்தது. அதுவும் சந்தேகத்துக்குரியதாகவே பட்டது.

ஒரு போயா அன்று கரியரைத் திருப்பிக் கொடுக்க இறங்கியபோது, உள்ளே நிஹால் மாத்தயாவின் குரல் கேட்டுப் படியிலேயே நின்றுவிட்டேன். கலவர வருடத்தில் அவர் ஒரு சிறிய ஸ்டேஷனில் டிக்கெட் கொடுக்கும் இளைஞராம். யாரோ அறைக் கதவைத் தட்டி "ஐயா, ஐயா" என்று தமிழில் கூப்பிட்டிருக்கிறார். இவர் உள்ளே தாழ்ப்பாளைப் பிடித்தபடி நின்றிருக்கிறார். "நான் தொறக்கல்ல. பயம். கொஞ்ச நேரத்துல தட்டுற சத்தம் நிண்டுது. அந்த ஆளுக்கு என்ன நடந்ததோ, இண்டைக்கும் தெரியாது" என்றார். பிறகு அழுதார். அக்கா அவருடைய சாப்பாட்டுக் கோப்பையில் இன்னொரு கரண்டி சோறு போட்ட சத்தம் கேட்டது.

இப்படிப்பட்டவனையா என் அக்கா பக்கத்தில் இருத்திச் சோறு போடுகிறாள்?

அன்றைய என் மூளை சொன்ன ஒரே வழி, எங்கள் ஆட்களுக்குக் கைவந்த வழி. பெட்டிசம். பெயரில்லாத பெட்டிசம், மொட்டைக் கடிதம். வெள்ளவத்தையில் டைப் அடித்தால் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று பாமன்கடை வரை நடந்துபோய், ஒரு கடையில் இரண்டு விரலால் ஆங்கிலத்தில் அடித்தேன். மூன்றாம் மாடியில் அடையாளம் தெரியாதவர்கள் கூடுகிறார்கள் என்று தொடங்கி, ஆபத்தில் வந்தவருக்குக் கதவு திறக்காததைத் தன் வாயாலேயே ஒப்புக்கொண்ட ஒருவர் செயலாளராக இருப்பது தகுமா என்று முடித்தேன். குழுவின் கடிதப் பெட்டியில் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து மூன்று பூட்டையும் பூட்டிய பிறகுதான் நினைவு வந்தது. உறையில் வைக்குமுன் பேனையை எடுத்து, தாளின் தலையில் பிள்ளையார் சுழி போட்டிருக்கிறேன். எதை எழுதினாலும் கை தானாகப் போடும். அன்றும் போட்டுவிட்டது.

எங்கள் தொடர்மாடியில் சுழி போடக்கூடிய வீடுகள் நான்கு. இரண்டு வீட்டுக்காரர் வெளிநாட்டில், வீடு பூட்டிக் கிடக்கிறது. மூன்றாவது அக்கா. நாலாவது நான்.

அடுத்து நடந்ததை எனக்குப் பின்னாளில் சொன்னவர் ஸ்டெல்லா. நிஹால் மாத்தயா அந்தக் கடிதத்தை மறு போயாவுக்கு மேசையில் வைத்தாராம். அந்தக் கதையைக் கேட்டவர்கள் அந்த மேசையில் இருந்தவர்கள் மட்டும்தான். டீச்சர் ஸ்டெல்லாவைப் பார்த்தார், ஸ்டெல்லா டீச்சரைப் பார்த்தார். நான் இத்தனை வருடம் தனியாகச் சுமந்த சந்தேகம் ஒரு நிமிடத்தில் அந்த மேசை முழுவதும் பரவிவிட்டது. அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாளை வாங்கிப் பார்த்தார். தலையிலிருந்த சுழியில் கொஞ்ச நேரம் பார்வை நின்றதாம்.

"ஒருத்தரும் ஒருத்தரையும் பாக்க வேண்டாம். இது நான் எழுதினது" என்றார்.

தான் போட்ட சட்டத்தைத் தானே மீறியதாக, சாப்பிட வந்தவரின் கதையை வெளியே விற்றதாக, அக்கா எல்லோருக்கும் முன்னால் ஏற்றுக்கொண்டார். ஒவ்வொருவராகச் சட்டிகளைத் தூக்கிக்கொண்டு போனார்கள். மூன்று போயாக்கள் மேசை வெறுமையாகக் கிடந்தது. அக்கா எனக்கு மட்டும் டிபன் கரியர் அனுப்பினார். சோறும் ஒரு பருப்பும். ஏன் இப்போது ஒரே கறி என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. உண்மை எனக்குத் தெரியாத அந்த நாட்களில், தொல்லை விட்டது என்று நான் சந்தோஷப்பட்டேன் என்பதையும் எழுத வேண்டும்.

நாலாவது போயாவுக்கு ஒரு சட்டி பொலொஸ் கறியோடு முதலில் வந்து நின்றவர் நிஹால் மாத்தயா. "அக்கே, பசிக்குது" என்றாராம். பிறகு மற்றவர்களும் வந்தார்கள். பிஞ்சுப் பலாக்காயில் செய்யும் அந்தக் கறி அக்காவுக்கு மிகவும் பிடிக்கும் என்பதும் எனக்குத் தெரியாது. சின்ன வயதில் பலாக்காயைத் தொடமாட்டார் என்பதைத்தான் நான் தெரிந்து வைத்திருந்தேன்.

அக்கா நோயில் விழுந்து ஒரு மாதம் ஆஸ்பத்திரியில் இருந்தார். அவர்கள் முறை வைத்துப் பார்த்தார்கள். முறை வைத்து யார் என்ன கையெழுத்து வாங்குகிறார்கள் என்று நானும் ஒவ்வொரு நாளும் போய்ப் பார்த்தேன். ஒருவரும் ஒன்றும் வாங்கவில்லை. டீச்சர் அக்காவின் தலையைச் சீவிவிட்டார், அவ்வளவுதான்.

ஒருநாள் தாதி தந்த படிவத்தைக் கட்டிலருகே இருந்து நிரப்பத் தொடங்கினேன். அக்கா கண் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"உதிலயும் சுழி போட்டிட்டியா?"

பார்த்தேன். போட்டிருந்தேன்.

"எல்லாத்திலயும் போடாத தம்பி. ஆளைக் காட்டிக் குடுத்துடும்" என்று சொல்லிச் சிரித்தார். சிரிக்க மூச்சு போதவில்லை. நான் குனிந்தபடியே படிவத்தை நிரப்பினேன். மன்னிப்புக் கேட்க ஐந்து நாள் இருந்தது. நாளைக்குக் கேட்கலாம் என்று ஐந்து நாளும் நினைத்தேன். ஆறாம் நாள் காலையில் அக்கா காலமானார்.

எட்டாம் நாள் படையலான எட்டுச் செலவுக்கு முதல்நாள் பகல், யாரோ என் கதவைத் தட்டினார்கள். கண்ணாடித் துளையால் பார்த்தேன். நிஹால் மாத்தயா, கையில் ஒரு சட்டியோடு. நான் சத்தம் காட்டாமல் நின்றேன். அவர் மறுபடி தட்டினார். "தம்பி மாத்தயா" என்று கூப்பிட்டார். என் கை சங்கிலியைப் பிடித்தபடி இருந்தது. தட்டுகிறவரை வெளியே விட்டு, உள்ளே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பது எப்படி இருக்கும் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. என் கதவுக்கு வெளியே ஆபத்துக்கூட இல்லை, பொலொஸ் கறிதான் இருந்தது. அப்படியிருந்தும் என்னால் திறக்க முடியவில்லை. அந்தக் காலத்து ஒரு இளைஞனை நான் என்ன கேட்கப் போகிறேன்?

தட்டும் சத்தம் நின்றுவிடுமோ என்று பயம் வந்தது. மூன்று பூட்டையும் திறந்தேன்.

அவர் சட்டியைத் தந்தார். "நாளைக்கு அக்காவுக்குப் படைக்க." பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு மடித்த தாளை எடுத்தார். "இது உங்கட. ஃபைல்ல வைக்க வேணாம்."

"அக்கா தான் எழுதினது எண்டு சொன்னவ அல்லோ?"

"ஓம், சொன்னா. நானும் சரி எண்டு சொன்னேன். ஆனா அக்கா பெட்டிசம் எழுதினா பேர் போட்டுத்தான் எழுதுவா."

"தெரிஞ்சும் ஏன் திரும்ப வந்தனீங்கள்?"

"நீங்க எழுதினதுல பொய் இல்ல தானே, மாத்தயா. நான் தொறக்கல்ல."

நான் வாசலிலேயே இருந்து அழுதேன். அக்காவின் உடல் எடுக்கும்போதுகூட வராத அழுகை அது.

எங்கள் துயரில் பங்குகொண்ட உறவினர்களுக்கும், ஆஸ்பத்திரித் தாதிமாருக்கும், கிரியைகளை நடத்திய ஐயாவுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. கொட்டாஞ்சேனையில் எங்களுக்கு உள்ளறை தந்த வீட்டுக்கும், அந்த வீட்டின் மகள் ஸ்டெல்லாவுக்கும், அக்காவின் தலை சீவிய ரிஸ்வானா டீச்சருக்கும், பெயர் சொல்லாமல் அரிசி வைத்துப்போன அந்த மனிதருக்கும் நன்றி. நிஹால் மாத்தயாவுக்கு நன்றியல்ல, மன்னிப்பு. அக்காவிடம் கேட்காமல் விட்டதையும் சேர்த்து அவரிடமே கேட்கிறேன்.

அச்சகத்தில் இதன் தலையிலிருந்த சுழியை எடுத்துவிடப் பார்த்தார்கள். விடச் சொல்லிவிட்டேன். ஆளைக் காட்டிக் கொடுக்கட்டும்.

வருகிற போயாவுக்குச் சாப்பாடு என் வீட்டில், நாலாம் மாடி. கறி நன்றாக இருக்கும் என்று உறுதி சொல்ல மாட்டேன். முதல் கதை என்னுடையது. அழைப்பு மணி பழுது, தட்டுங்கள். திறக்கக் கொஞ்சம் நேரம் எடுக்கும். போய்விடாதீர்கள்.

தம்பி,
சிவபாதம்