கரடிக்குப் பயந்து வேன் கூரையில்

மல்காஜ்கிரியில் வெகுகாலம் இருப்பதால் தெலுங்கு எனக்குத் தண்ணீர் பட்ட பாடு என்று சொல்லிக்கொள்வேன். போன குளிர்காலத்தில் நானும் மனைவியும் அரக்கு மலைக் கிராமங்களிலிருந்து பீமிலி கடற்கரை வரை, வழிகாட்டியோடு சைக்கிளிலும் நடந்தும் போகும் சுற்றுலாவுக்குப் போனோம்.

மலைப்பாதையோரம் சாப்பிட உட்கார்ந்தபோது வழிகாட்டி, "சார், மீ வெனகால எலுக" என்றார். எனக்குப் பின்னால் ஏதோ இருக்கிறது. அது என் காதில் "எலுகு" என்று விழுந்தது. எலுகு என்றால் கரடி. திரும்பிப் பார்க்க நான் என்ன முட்டாளா? முழங்கால் வலி என்று காலையெல்லாம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தவன், எங்களோடு வந்த சாமான் வேனின் கூரைமேல் ஏறி நின்றேன்.

கீழே ஒரு எலி எங்கள் சப்பாத்திப் பொட்டலத்தை இழுத்துக்கொண்டிருந்தது. எலுக என்றால் எலியாம். எல்லாரும் சிரித்தார்கள், மனைவியைத் தவிர.

"எலின்னு உங்களுக்குத் தெரியாதுல்ல? அப்போ கரடிகிட்ட என்னை விட்டுட்டுத்தானே ஏறினீங்க?"



இப்போதெல்லாம் யார் என்ன கத்தினாலும் முதலில் அவள் கையைப் பிடித்துக்கொள்கிறேன். அர்த்தத்தை அப்புறம் கேட்டுக்கொள்ளலாம்.