முழங்காலுக்குள் காற்று

மன்னியுங்கள். மூன்றாம் படிவத்தோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் மருத்துவம் பேச வந்திருக்கிறேன். வாராவாரம் பத்திரிகையின் இந்த மூலையில் மழை, மீன் விலை என்று ஒதுங்கிப் போகிறவன்தான். ஆனால் எங்கள் குடும்பத்தில் மருத்துவம் பேசாதவன் நான் ஒருவன்தான். அந்தக் குறையையும் தீர்த்துவிடலாமே...

போன வியாழன் மாலை லாயாங் லாயாங்கில் என் தங்கை சரசு வீட்டில் கூட்டம். மறுநாள் சாஆ என்ற ஊரில் உறவினர் வீட்டுப் புதுமனை புகுவிழா. அதே காலையில் குளுவாங் ஆஸ்பத்திரியில் சரசுவின் மகள் தாரணிக்கு மாத ஊசி. எது முக்கியம்? இதெல்லாம் ஒரு கேள்வியா என்பதுபோல எல்லாரும் பார்த்தார்கள்.

“புள்ள நல்லாதான இருக்கா? இன்னொரு நாளைக்குப் போட்டுக்கலாம் லா,” என்றார் சரசுவின் கணவர் மோகன். சிங்கப்பூரில் வேலை. அவர் வார்த்தைக்கும் அந்த ஊர்க் காசின் மதிப்பு உண்டு.

நல்லாதான் இருக்கிறாள். ஏன் நல்லா இருக்கிறாள் என்பதுதான் கதை.

சில மாதங்களுக்கு முன் தாரணிக்குத் தொண்டை வலி. கிளினிக்கில் ஆன்டிபயாடிக் கொடுத்து, ஒன்று விடாமல் சாப்பிட்டு முடிக்கச் சொன்னார்கள். இரண்டே நாளில் வலி போனது. மிச்ச மாத்திரை பிரிட்ஜ் கதவுக்குப் போனது — சாஸ் பாக்கெட்டுகளுக்குப் பக்கத்தில். அடுத்த தொண்டை வலிக்கு ஆகுமே. மருந்தைக்கூடச் சேமிக்கிற ஆட்கள் நாம்.

சில வாரம் கழித்துக் காய்ச்சல். முழங்கால் வீங்கியது. அது வடிந்ததும் கணுக்கால். பிறகு மணிக்கட்டு. இடம் மாறுகிற வலிக்கு என்ன பெயர்? வாயு என்றாள் சரசு. பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா, எங்கள் மாக்சிக், வந்து பார்த்து, ‘ஆங்கின்’ என்றார். மலாயில் அதுவும் காற்றுதான். காப்பிக் கடைச் சீன அங்கிளும் தலையாட்டித் தைலம் கொடுத்தனுப்பினார். அரசியல்வாதிகளால் முடியாத மூவின ஒற்றுமை, ஒரு சிறுமியின் முழங்காலில் கைகூடியது.

காற்று இறங்கவில்லை. பிள்ளைக்கு மூச்சு வாங்கியதும் என் காரில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டரம்மா முழங்காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, முன்பு தொண்டை வலி வந்ததா என்று கேட்டார்.

சரசு என் காதில் சொன்னாள்: “முழங்கால் எங்க இருக்குன்னு இவங்களுக்குத் தெரியுமாண்ணே?”

தெரிந்துதான் இருந்தது. ருமாட்டிக் காய்ச்சலாம். எல்லாத் தொண்டை வலியும் இப்படி ஆவதில்லை. ஒருவகைக் கிருமியை முழுக்க ஒழிக்காமல் விட்டால், அதை அடிக்கக் கிளம்பிய உடம்பின் படை, சில பிள்ளைகளுக்குச் சொந்த வீட்டையே அடிக்கத் தொடங்கிவிடும். எனக்குப் புரிந்த பாஷையில் — மூட்டுக்கு அது விசிட்டர் பாஸில் வருகிறது. இதயத்தில் நிரந்தரமாகத் தங்க பி.ஆர். கேட்கிறது.

தாரணியின் இதய வால்வு ஒன்று லேசாகக் கசிகிறது. மறுபடி அந்தக் காய்ச்சல் வந்தால் இன்னும் கெடும். வராமல் தடுக்கத்தான் மாதாமாதம் ஊசி, பல வருஷத்துக்கு. நல்லா இருக்கும்போதும். நல்லா இருப்பதற்காகவே.

வியாழன் மாலை இது யாருக்கும் ஞாபகமில்லை. தாரணி என் பக்கத்தில் வந்து நின்றாள்.

“அந்த ஊசி போட்டா ரெண்டு நாளைக்கு உக்காரவே முடியல மாமா.”

பாவம் பிள்ளை என்று அதையும் ஒரு காரணமாகச் சேர்த்துக்கொண்டார்கள்.

எனக்குக் கூட்டத்தில் பேச்சு வராது. காப்பிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னேன்.

“உக்காரத்தானம்மா முடியாது. ஊசிய விட்டா, அப்புறம் ஓடவே முடியாது.”

“மச்சானே வாயத் தொறந்துட்டாரு. அப்ப சீரியஸ்தான்,” என்றார் மோகன்.

சரசு எழுந்து பிரிட்ஜ் கதவைத் திறந்தாள். அந்த மாத்திரை அட்டை இன்னும் அங்கேயே இருந்தது. எடுத்துக் குப்பையில் போட்டாள். நீங்களும் உங்கள் பிரிட்ஜைப் பாருங்கள். சாஸைச் சேமிக்கலாம், தப்பில்லை. டாக்டர் கொடுத்த ஆன்டிபயாடிக்கைச் சாப்பிட்டு முடித்துவிடுங்கள்.

மறுநாள் காலை குளுவாங்கில் ஊசி போட்டோம். சாஆ போய்ச் சேர்ந்தபோது சாம்பார் தீர்ந்துபோயிருந்தது. தாரணி நின்றுகொண்டே ரசம் சோறு சாப்பிட்டாள்.